பணிதலும் பணிய மறுத்தலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இறைவனை நம்புதலும் இறைவனுக்குக் கீழ்ப்படிதலும் என்னும் பொருளில் பேசுமாறு விழாக்குழுவினர் எனக்கு அன்புக் கட்டளையிட்டனர். நம்புதலைப் பற்றிப் பேசுவது எளிது. கேட்போரும் தலையசைப்பர். கீழ்ப்படிதல் என்னும் சொல்லை எடுத்த உடனே அவையில் ஒரு சிறு சலசலப்புத் தோன்றுகிறது. அதிலும் இது தொழிற்சங்கங்கள் வேரூன்றிய ஊர். மேலிருந்து வரும் ஆணைகளை எடைபோட்டுப் பார்க்கப் பழகியவர்கள் நீங்கள். அதனை நான் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன்.

வகுப்பில் ஒரு முறை தேவாரம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அடிமை, ஆள், தொண்டு என்று பாட்டுக்குப் பாட்டு வருகிறதே, இத்தனை பெரிய அறிஞர் தம்மை அடிமை என்று சொல்லிக்கொள்வது இழிவில்லையா?" என்று வினவினாள். நல்ல வினா. தன்மான இயக்கம் தழைத்த தமிழ்நாட்டில் இப்படி ஒரு வினா எழாவிட்டால்தான் வியக்க வேண்டும். அதற்குரிய விடையை நூல்களில் தேடுவதற்கு முன்பு நம் மாவட்டத்திலேயே தேடலாம் என்பது என் கருத்து. திருவாமூர், திருவதிகை, திருப்பாதிரிப்புலியூர் ஆகிய மூன்றும் கடலூர் மாவட்டத்து ஊர்கள். முதலிரண்டும் பண்ணுருட்டியை அடுத்தவை. மூன்றாவது கடலூர் நகரின் ஒரு பகுதி. நெய்வேலியிலிருந்து காலையில் புறப்பட்டால் மூன்றையும் கண்டு மாலைக்குள் இல்லம் திரும்பிவிடலாம். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் நம்பிக்கை என்பதும் கீழ்ப்படிதல் என்பதும் வாழ்ந்து காட்டப்பெற்ற மண் இது. வாழ்ந்து காட்டியவர்கள் இருவர். ஒருவர் திருநாவுக்கரசர். மற்றவரை நாம் பெரும்பாலும் அவருடைய தமக்கையார் என்று மட்டுமே நினைவு கூர்கிறோம், அவர் திலகவதியார்.

திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த மக்கள் இருவர். திலகவதியார் மூத்தவர், மருள்நீக்கியார் இளையவர். திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு மணம் பேசி முடித்தனர். மணநாள் வருவதற்குள் தந்தையார் மறைந்தார். தாயாரும் உடன் மறைந்தார். வடபுலப் போருக்குச் சென்ற கலிப்பகையாரும் களத்தில் வீழ்ந்தார். தாமும் உயிர் விடுவதே முறை என்று திலகவதியார் எழுந்தபோது, தம்பி அவர் காலில் வீழ்ந்து, அப்படியானால் உமக்கு முன்னே நான் போகிறேன் என்று அழுதார். திலகவதியார் நின்றார். தம்பி வாழ வேண்டும் என்பதற்காகத் தாம் வாழத் துணிந்தார். சேக்கிழார் பெருமான் இவ்விடத்தில் தமக்கையாரின் இரக்கத்தையே முன்னிறுத்துகின்றார். அக்கால வழக்கம் இறந்துபடச் சொல்லிற்று. இரக்கம் உயிரோடிருக்கச் சொல்லிற்று. அவர் இரக்கத்தின் சொல்லுக்கே செவிசாய்த்தார் என்பதை நீங்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரப்போகும் எல்லாவற்றிற்கும் இதுவே வித்து.

தம்பியோ உலகத்தின் நிலையாமையை எண்ணிச் சமணம் புகுந்தார்; பாடலிபுத்திரத்துப் பள்ளியில் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை எய்தினார். பாடலிபுத்திரம் என்றவுடன் கங்கைக் கரைக்குச் சென்றுவிடாதீர்கள், திருப்பாதிரிப்புலியூரைத்தான் சொல்கிறேன். அது சாதாரணமான இடமன்று. உலகத்தின் அமைப்பைப் பற்றிய 'லோகவிபாகம்' என்னும் சமண நூல் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், அவ்வூரோடு தொடர்புற்றதாக அந்நூலே கூறும். நாவுக்கரசரின் சொல்லாற்றலில் அந்தப் பள்ளிக்கும் ஒரு பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். சீவக சிந்தாமணியையும் நன்னூலையும் நமக்குத் தந்தவர்கள் சமணர்கள். பெரிய புராணம் அவர்களைப் பற்றிப் பேசும் கடுமையான மொழியைத் தமிழ் கற்பிக்கும் எவரும் சற்று வருத்தத்தோடுதான் வாசிக்க இயலும். இது இடையில் சொன்னது.

தம்பி சென்ற பின் திலகவதியார் கெடிலக்கரையிலுள்ள திருவதிகைக்கு வந்து திருமடம் அமைத்துக்கொண்டார். அங்கே என்ன செய்தார்? விடியுமுன் எழுந்தார், வீரட்டானத்துத் திருமுற்றத்தைத் துடைப்பத்தால் கூட்டினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். நாள்தோறும் இதுவே வேலை. கூடவே ஒரு விண்ணப்பம்: தம்பியை மீட்டருள வேண்டும் என்பது. நம் நகரியத்து நடராசப் பெருமான் திருக்கோயிலில் அன்பர்கள் தம் குறைகளை மனுவாக எழுதிச் சேர்ப்பிப்பதை நீங்கள் அறிவீர்கள். விண்ணப்பம் செய்வதில் தவறொன்றும் இல்லை, திலகவதியாரே செய்தார். ஆயினும் மனுவைச் சேர்ப்பித்துவிட்டு, விடை வரும் வரையில் கோயிலுக்கு வாராமல் இருந்தவரல்லர் அவர். எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்று சேக்கிழார் கணக்கிட்டுச் சொல்லவில்லை. ஆனால் தம்பி சமணம் புகுந்து, கற்று, தலைமை பெறும் அளவுக்கு நீண்ட காலம் அது. அத்தனை நாளும் முற்றம் கூட்டப்பட்டது.

பின்னர்த் தம்பிக்குச் சூலைநோய் கண்டது. சமணப் பள்ளியில் மந்திரங்களாலும் தீராதபோது அவர் தம் சமையற்காரரைத் திருவதிகைக்கு அனுப்பித் தமக்கையாரை வருமாறு அழைத்தார். எந்தத் தம்பிக்காக உயிர் தாங்கினாரோ அந்தத் தம்பி துடிக்கிறார்; அழைக்கிறார். திலகவதியார் சொன்ன விடை, அங்கே நான் வாரேன் என்பதே.

அன்பர்களே, இந்த மறுப்பை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. பாசம் அற்றவர் சொன்ன மறுப்பன்று இது. தம் வாழ்வு எங்கே நிற்கிறது என்று தெளிந்தவர் சொன்னது. பெண் என்றால் யார் அழைத்தாலும் எழுந்து ஓட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அன்றும் இருந்திருக்கும். அவர் ஓடவில்லை. வர வேண்டியவர் நோயோடு, இரவோடு இரவாக, பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விடுத்து, வெண்ணிற ஆடை போர்த்து, தமக்கையாரின் திருவடியில் வந்து வீழ்ந்தார்.

அதன் பின் நிகழ்ந்ததுதான் எனக்கு மிகவும் விருப்பமான பகுதி. தம்பி மீண்டு வந்துவிட்டார். வாழ்நாள் வேண்டுதல் கைகூடிவிட்டது. நாமாயிருந்தால் அன்று வேலைக்கு விடுப்பு எடுத்திருப்போம். திலகவதியாரோ திருநீறு அளித்துவிட்டு, வைகறை ஆனதும் வழக்கம்போல் துடைப்பமும் மெழுகும் பொருளும் நீர்த்தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார் என்கிறார் சேக்கிழார். தமிழ்ப் பக்திப் பெருவரலாற்றின் திருப்புமுனை ஒரு நாள் காலைத் துப்புரவுப் பணியின் நடுவே நிகழ்கிறது! அங்கேதான் மருள்நீக்கியார் தம் முதற் பதிகத்தைப் பாடினார்; நோய் நீங்கினார்; நாவுக்கரசு என்னும் பெயர் பெற்றார். பின்னாளில் அவர் தோளை விட்டு நீங்காத உழவாரம் யார் கொடுத்த கல்வி என்று இனி நான் விளக்க வேண்டுவதில்லை.

உழவாரத்தைப் பற்றி ஒரு சொல். நீண்ட காம்பின் முனையில் தட்டையான இரும்பு அலகு. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதற்கானது. 1956-இல் நிறுவனம் பிறந்தது முதல் மண்ணை மலை மலையாக வாரிக் கொட்டும் சக்கர எந்திரங்களைக் கண்டு பழகிய நமக்கு அது விளையாட்டுப் பொருள் போலத் தோன்றலாம். நாற்பத்தொன்பதாயிரம் பாடல்கள் பாடியவர் என்று மரபு போற்றும் ஒருவர், இன்று நமக்குக் கிடைத்துள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு பதிகங்களைத் தந்தவர், நான்காம் ஐந்தாம் ஆறாம் திருமுறைகள் முழுமைக்கும் உரியவர், தம் திருவுருவத்தில் ஏட்டுச் சுவடியோடு காணப்படுவதை விட இந்தப் புல் செதுக்கும் கருவியோடு காணப்படுவதே பெரும்பான்மை.

இனி அரசன் அழைத்த கட்டத்திற்கு வருவோம். மதம் மாறிய செய்தி கேட்ட பல்லவ மன்னன் அமைச்சரை அனுப்பினான். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. குணபரன் என்பது அவன் விருதுப்பெயர். திருவதிகையில் எழுந்த குணபரவீச்சரம் அதனை நினைவூட்டும். திருச்சிராப்பள்ளி மலைக் குடைவரைக் கல்வெட்டும் அவன் வேற்றுநெறியினின்று இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியதைச் சுட்டுவதாகக் கொள்வர். அவனுடைய ஆணைக்கு நாவுக்கரசர் சொன்ன விடையே ஆறாம் திருமுறையிலுள்ள மறுமாற்றத் திருத்தாண்டகம். யார்க்கும் நாம் குடிமக்களல்லோம், எமனுக்கும் அஞ்சோம் என்னும் கருத்தமைந்த அப்பதிகத்தை நம் மேடைகளில் விடுதலை முழக்கமாக எடுத்தாள்கின்றோம். எடுத்தாளலாம். ஆனால் அங்கே ஒரு நிபந்தனை உண்டு. மன்னனுக்கு ஆளாகாத அவர் சங்கரனுக்கு மீளா ஆள். இரண்டாவது இல்லாமல் முதலாவது இல்லை. ஒருவன் யாருக்கும் பணியேன் என்றால் அது செருக்காக முடியலாம். அல்லது அடுத்த வலியவனைக் கண்டதும் கரைந்துபோகலாம். நாவுக்கரசரின் மறுப்பு கரையாதது ஏன்? அவர் தம்மை வேறோரிடத்தில் முன்னமே முழுதாகக் கொடுத்துவிட்டார். மன்னன் எடுத்துக்கொள்ள அவரிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

அதே நேரத்தில், அமைச்சர் தம்மை வணங்கி இரந்து அழைத்தபோது அவர் அவர்களோடு சென்றார் என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஆணைக்கு அசையாதவர் வேண்டுகோளுக்கு இசைந்தார். நீற்றறையில் ஏழுநாள் அடைத்தனர்; நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டினர்; யானையை ஏவினர்; கல்லோடு பிணித்துக் கடலில் இட்டனர். கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரை சேர்ந்தார். கடலூரை அடுத்த கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் இன்றளவும் அதனைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இவற்றை எழுத்துக்கு எழுத்து நம்புவோரும் உண்டு. குறியீடாகக் கொள்வோரும் உண்டு. நான் அந்த வழக்கிற்குள் இப்பொழுது நுழையவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் இடப்படும் நிலையைத் தம் பாடலில் நினைவு கூர்பவர் நாவுக்கரசரே ஆதலின், அவர் பெருந்துன்பம் உற்றார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஈண்டு மாணவியின் வினாவை விட ஒரு கடினமான வினா எழுகின்றது. இறைவன் ஆணை எது, மனிதன் ஆணை எது என்று எப்படி அறிவது? என்னிடம் பயின்ற மற்றொரு பெண், நன்றாகப் படித்தவள், மேற்படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. இது தெய்வ சித்தம், மறுபேச்சுப் பேசாமல் கீழ்ப்படி என்று வீட்டார் கூறினராம். அவள் கீழ்ப்படிந்துவிட்டாள். தெய்வத்தின் பெயரால் வீட்டிலும் வெளியிலும் எத்தனை ஆணைகள் பிறக்கின்றன! அவற்றுள் பெரும்பாலானவை வலியவரிடமிருந்து எளியவருக்குச் செல்வனவாகவே இருப்பது தற்செயலா? தாய்மார்கள் நிறைந்த இந்த அவையில் இதனைச் சொல்லாமல் கீழ்ப்படிதலைப் புகழ்ந்துவிட்டுப் போவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

திலகவதியார் வரலாற்றையும் நாவுக்கரசர் வரலாற்றையும் மீண்டும் மீண்டும் வாசித்ததில் எனக்குத் தோன்றியது இது: அவ்விருவரும் இறைவன் ஆணை என்று ஏற்றவை யாவும் அவர்தம் கைக்கே வேலை தந்தன. துடைப்பம் அவர் கையில். உழவாரம் இவர் கையில். இறைவன் பெயரைச் சொல்லிப் பிறர் கையில் துடைப்பத்தைக் கொடுத்தவர்கள் அல்லர் அவர்கள். தெய்வ சித்தம் என்று ஒருவர் வந்து சொல்லும்போது, அந்தச் சித்தம் சொல்பவர் கைக்கு என்ன வேலை தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பல வேளைகளில் விடை தெரிந்துவிடும்.

எல்லா வேளையிலும் தெரிந்துவிடாது. ஏனெனில் நம் சொந்த விருப்பமே இறைவன் ஆணையாக வேடம் பூண்டு வருவதுண்டு. அந்த மயக்கத்திற்கு நாவுக்கரசர் வாழ்க்கையிலேயே சான்றுண்டு. திருமறைக்காட்டில் அடைபட்டுக் கிடந்த கோயிற் கதவைத் திறக்க அவர் பாடினார். நெடுநேரம் கழித்தே திறந்தது. அடைக்கச் சம்பந்தர் பாடினார், உடனே அடைத்தது. திருவுள்ளக் குறிப்பை அறியாமல் வருத்திவிட்டேனே என்று நாவுக்கரசர் மனம் நொந்தார். முதிர்ந்த அடியார்க்கும் குறிப்பறிதல் எளிதாக இல்லை. ஆனால் நொந்தவர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை.

இதனினும் பெரிது கயிலை யாத்திரை. இறைவனைக் கயிலையில் கண்டே தீர்வது என்று வடக்கே நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டார். முனிவர் ஒருவர் தோன்றித் திரும்பிப் போகுமாறு கூற, கயிலை காணாமல் இந்த உடலோடு மீளேன் என்றார். நாம் இதனை மன உறுதியின் உச்சம் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். உண்மையில் உச்சம் அதற்கு அடுத்த கணத்தில் இருக்கிறது. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுக என்று வானில் ஆணை எழுந்தது. இத்தனை தொலைவு தேய்ந்து வந்தவர், இன்னும் சிறிது தொலைவுதானே என்று வாதாடவில்லை. மூழ்கினார். வேந்தனுக்கு வளையாதவர், முனிவர் சொல்லுக்கும் இசையாதவர், தம் வாழ்வின் மிகப் பெரிய ஆசையை ஒரு சொல்லில் விட்டுக்கொடுத்தார். மன்னனுக்குச் சொன்ன இல்லை என்பதும், பொய்கைக் கரையில் சொன்ன ஆம் என்பதும் ஒரே நெஞ்சிலிருந்து வந்தவை. கண்டதோ காவிரிக் கரையில், கூடித் திரியும் உயிரினங்களிடையே! யானையும் பிடியும், கோழியும் பெடையும் சிவமும் சத்தியுமாகத் தோன்றின.

இஸ்லாம் என்னும் சொல்லுக்கே இறைவனிடம் தம்மை ஒப்படைத்தல் என்பது பொருள். ஆபிரகாம் தாம் அறியாத நாட்டிற்குப் புறப்பட்டதை யூதரும் கிறித்தவரும் முகம்மதியரும் ஒருங்கே போற்றுவர். நம் நகரியத்தில் எல்லா நெறியினரும் அண்டை வீட்டாராக வாழ்வதால் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பக்கத்திலுள்ள வடலூரை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி வைத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை அடிகளாருக்கு வழங்கினர். நாளைக்கு அரிசி உண்டா என்று கணக்குப் பார்த்தபின் இன்று உலை வைப்பது நிருவாகம்; அதுவும் வேண்டுவதே. முதலில் உலை வைத்துவிடுவது நம்பிக்கை. அங்கும் நம்பிக்கை கையில்தான் இருக்கிறது, அகப்பையின் உருவில்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் நாவுக்கரசருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினார். சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி, அதாவது வட்டம், பிடித்தனர். நாவுக்கரசர் பெற்றதற்கு வட்டம் இல்லை. கைத்தொண்டு செய்தவர் ஆதலின் என்று சேக்கிழார் காரணம் காட்டுகிறார். உழைப்பவர் பெறும் ஊதியத்தில் பிடித்தம் கூடாது என்று சங்கத் தோழர்கள் இதனை மேற்கோளாக எடுத்துக்கொள்ளலாம்! ஆனால் அதே நாவுக்கரசர் நிறைவுக் காலத்தில் திருப்புகலூர் முற்றத்தைச் செதுக்கும்போது உழவார நுனியில் பொன்னும் மணியும் புலப்பட, பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே அவற்றை வாரிக் குளத்தில் எறிந்துவிட்டார். பஞ்சத்தில் பிறர் பசிக்காகக் காசை வாங்கிக்கொண்டவர், வேண்டாத இடத்தில் பொன்னைப் புல்லோடு எறிந்தார். அவ்வூரிலேயே ஒரு சித்திரைச் சதயத்தில் இறைவனடி சேர்ந்தார்.

திலகவதியார் எப்போது மறைந்தார் என்று பெரிய புராணம் சொல்லவில்லை. அறுபத்துமூவர் வரிசையில் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் எனப் பெண்கள் மூவர் உளர். திலகவதியார் அவ்வரிசையில் இல்லை. சுந்தரர் தொகையில் அவர் பெயர் இடம்பெறாமையின் எண்ணிக்கையில் சேரவில்லை என்பது முறையான விளக்கம். நாவுக்கரசர் தலந்தோறும் சென்றார். அவர் திருவதிகையிலேயே இருந்தார். நாளைக் காலையும் முற்றம் கூட்ட வேண்டுமே! திருவதிகைத் திருக்கோயிலில் திலகவதியாருக்குச் சன்னிதி உண்டு. பண்ணுருட்டிக்குப் பலாப்பழம் வாங்கவோ முந்திரி வாங்கவோ செல்லும் அன்பர்கள், அடுத்த முறை அங்கே சென்று அவரையும் கண்டு வர வேண்டுகிறேன். கோயில்களில் விடுமுறை நாள்தோறும் உழவாரப் பணி செய்யும் இளைஞர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களும் நாவுக்கரசர் பெயரைச் சொல்லித் தொடங்கும்போது தமக்கையார் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம்.